மான், மக்காச்சோளம், பெயோட்டே: மெக்சிகோவின் விராரிகா மக்களும் அவர்களின் புனிதத் தாவரங்களும்

மெக்சிகோவின் மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடரில் வாழும் விராரிகா பழங்குடியினரின் புனித யாத்திரை வழித்தடம், 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஐந்து மாநிலங்களைக் கடந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு நீளும் இந்த வழித்தடத்தில் 20 இடங்கள் அங்கீகாரம் பெற்றுள்ளன. பாரிஸில் நடைபெற்ற உலகப் பாரம்பரியக் குழுவின் அதே 47-ஆவது கூட்டத்தில்தான், தமிழகத்தின் செஞ்சிக் கோட்டை உள்ளிட்ட 12 கோட்டைகளைக் கொண்ட மராத்திய ராணுவ நிலப்பரப்புகளும் பட்டியலில் இடம்பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது.

செஞ்சிக்குச் செல்பவர் மதில்களையும் களஞ்சியங்களையும் காணலாம். விராரிகா வழித்தடத்தில் அப்படிச் சுட்டிக்காட்டத்தக்க கட்டடங்கள் மிகக் குறைவு. ஊற்றுகள், குன்றுகள், கடலில் நிற்கும் ஒரு வெண்பாறை, ஏரியின் நடுவே ஒரு தீவு, இறுதியில் ஒரு பாலைநிலம் ஆகியவையே அதன் புனிதத் தலங்கள். அந்தப் பாலைநிலத்தில் தரையோடு தரையாக வளரும் முள்ளில்லாத சிறு கள்ளி ஒன்றைத் தேடியே மக்கள் இத்தனை தொலைவு செல்கின்றனர். அதன் பெயர் பெயோட்டே. சர்வதேச மருந்துச் சட்டம் அதிலுள்ள வேதிப்பொருளைத் தடை செய்யப்பட்டவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. தாவர அறிஞர்கள் அச்செடியை ஆபத்துக்குள்ளான இனங்களின் வரிசையில் வைத்திருக்கின்றனர். அது வளரும் மண்ணுக்கு அடியில் வெள்ளி இருக்கிறது. விராரிகா மக்கள் அதை அண்ணன் என்று அழைக்கின்றனர்.

யார் இந்த விராரிகா மக்கள்?

வெளியுலகில் இவர்கள் விச்சோல் என்ற பெயரால் அறியப்படுகின்றனர். அது ஸ்பானியர் காலத்தில் நிலைத்த பெயர். தங்களைத் தாங்கள் விராரிகா என்றே கூறிக்கொள்கின்றனர். மெக்சிகோவின் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இவர்களது மொழியைப் பேசுவோர் சுமார் 60,000 பேர். ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ, சகத்தேகாஸ் ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் கரடுமுரடான மலைப்பகுதியே இவர்களின் தாயகம். ஆஸ்டெக்குகள் பேசிய நாவாத்ல் மொழியும் அமெரிக்காவின் ஹோப்பி மொழியும் சேர்ந்த உத்தோ-ஆஸ்டெக் குடும்பத்தைச் சேர்ந்ததே விராரிகா மொழி.

ஆஸ்டெக் தலைநகரம் 1521-இல் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. ஆனால், இந்த மலைகளுக்குள் ஸ்பானிய ஆட்சி உறுதியாக நுழைவதற்கு அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. பாதிரியார்கள் வந்தனர்; தேவாலயங்கள் எழுந்தன; ஈஸ்டர் வாரமும் விராரிகா பண்டிகை நாட்காட்டியில் இடம்பிடித்தது. எனினும் பழைய வழிபாடு அதனுள் கரைந்துவிடவில்லை. குடும்பத்துக்கு ஒரு சிறு வழிபாட்டு வீடு, பல குடும்பங்களுக்குப் பொதுவாக வட்ட வடிவக் கோயில் ஒன்று என்ற அமைப்பு இன்றும் தொடர்கிறது. கோயிலுக்குரிய பொறுப்புகளை ஏற்பவர்கள் ஐந்தாண்டுகள் பணியாற்ற வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு முன்னோரைக் குறிக்கும் சுரைக்குடுக்கைக் கிண்ணம் ஒப்படைக்கப்படுகிறது. யாத்திரை செல்வது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி.

சடங்குகளை நடத்துபவர் மரகாமே எனப்படுகிறார். பூசாரி, மருத்துவர், பாடகர் ஆகிய மூவரின் பணியும் அவருடையது. இரவு முழுவதும் நெருப்பின் முன் அமர்ந்து, கையில் இறகுக் கோலுடன், முன்னோர் கதைகளைப் பாடுவது அவரது முதன்மைக் கடமை. பெண்களும் மரகாமே ஆகலாம். பல ஆண்டுப் பயிற்சியும் பல யாத்திரைகளும் அதற்குத் தேவை.

இம்மக்களின் தெய்வப் பெயர்களைத் தமிழில் சொல்வது எளிது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆங்கில நூல்கள் 'கடவுள்' என்று எழுதும் இடங்களில் மூலமொழியில் உறவுமுறைச் சொற்களே உள்ளன. நெருப்பு 'எங்கள் தாத்தா' (தத்தேவாரி). சூரியன் 'எங்கள் தந்தை'. மழையும் ஊற்றும் கடலும் மக்காச்சோளமும் 'எங்கள் தாய்மார்'. மான் 'எங்கள் அண்ணன்' (கௌயுமாரி). அனைத்தையும் வளரச் செய்யும் மூதாட்டி 'எங்கள் பாட்டி' (தக்குத்சி நகவே). உறவினருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் என்றே சடங்குகளை இவர்கள் காண்கின்றனர்.

மக்காச்சோளமே முதலில்

விச்சோல் என்ற சொல்லை இணையத்தில் தேடினால் பெயோட்டேதான் முதலில் வருகிறது. அந்த மக்களின் அன்றாட வாழ்வில் வரிசை வேறு. அவர்கள் மானாவாரி விவசாயிகள். செங்குத்தான சரிவுகளில் புதரை வெட்டி எரித்து, கூர்கோலால் குழியிட்டு, மக்காச்சோளத்தையும் அவரையையும் பூசணியையும் சேர்த்து விதைக்கின்றனர். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழையே அவர்களின் ஆண்டை முடிவு செய்கிறது.

மக்காச்சோளம் ஐந்து நிறம்: நீலம், வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பல நிறம் கலந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெண். அவர்களைப் பற்றிய கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. பசியில் வாடிய இளைஞன் ஒருவன் மக்காச்சோளத் தாயின் வீட்டை அடைகிறான். தாய் தன் மகள்களில் ஒருத்தியான நீலச் சோளப் பெண்ணை அவனுடன் அனுப்புகிறாள். இவளை வேலை வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அவள் வந்த வீட்டில் குதிர்கள் தாமாகவே நிரம்புகின்றன. ஆனால் இளைஞனின் தாய்க்கு, உட்கார்ந்து சாப்பிடும் மருமகளைப் பொறுக்கவில்லை. மாவு அரைக்கச் சொல்லி ஏசுகிறாள். பெண் அரைக்க அமர்கிறாள்; அரைபடுவது அவளது உடலே. அவள் மறைந்ததும் குதிர்களும் காலியாகின்றன. அன்றுமுதல் மனிதன் உழைத்தே மக்காச்சோளத்தைப் பெற வேண்டியதாயிற்று.

மழைக்காலத்தின் முடிவில், முதல் இளங்கதிர்களும் பூசணிகளும் விளைந்தவுடன் 'எங்கள் தாயின் நடனம்' எனப் பொருள்படும் தத்தெய் நெய்ரா விழா நடைபெறுகிறது. விழாவின் நாயகர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கையில் கிலுகிலுப்பையுடன் அவர்கள் அமர்ந்திருக்க, மரகாமே முரசை அறைந்து பாடத் தொடங்குகிறார். முரசொலி சிறகாகிறது, குழந்தைகள் பறவைகளாகி விரிகுத்தா பாலைநிலம் வரை பறக்கின்றனர் என்பது ஐதீகம். வழியிலுள்ள ஒவ்வோர் ஊற்றின் பெயரும், ஒவ்வொரு குன்றின் பெயரும், அங்கே முன்னோருக்கு நேர்ந்தவையும் பாடலில் வரிசையாக வருகின்றன. ஒரு குழந்தை ஐந்தாண்டுகள் இவ்விழாவில் அமர்ந்தெழுந்தால், நேரில் ஒருமுறைகூடச் செல்லாத வழித்தடம் அதன் நினைவில் பதிந்துவிடுகிறது. எழுதப்பட்ட வரைபடம் இல்லாத ஒரு வழி தலைமுறைகளைக் கடந்து நின்றதற்கு இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பது கடினம்.

மூன்றும் ஒன்றே

மான், மக்காச்சோளம், பெயோட்டே ஆகிய மூன்றும் தனித்தனிப் பொருள்கள் என்பதை விராரிகா மரபு ஏற்பதில்லை. நார்வே நாட்டு ஆய்வாளர் கார்ல் லும்ஹோல்ட்ஸ், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1890-களில் இம்மலைகளில் பயணம் செய்து, 1900-இல் வெளியிட்ட நூலிலேயே இந்த ஒருமைப்பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா மையர்ஹாஃப், ரமோன் மெதினா சில்வா என்ற மரகாமேயின் தலைமையில் 1966-இல் நடந்த யாத்திரையில் உடன் சென்றவர். அவர் 1974-இல் வெளியிட்ட நூல் இம்மூன்றின் உறவையே மையப்படுத்துகிறது.

கதைப்படி, முன்னோர்கள் விரிகுத்தாவில் மானைத் துரத்திச் சென்றனர். மானின் குளம்பு பதிந்த தடங்களில் பெயோட்டே முளைத்தது. எனவே பெயோட்டேயைப் பறிப்பது ஒரு வேட்டை. ஆண்டுச் சடங்குகளும் சங்கிலிபோல் ஒன்றையொன்று பிணைக்கின்றன. விளைந்த மக்காச்சோளத்தைச் சடங்கு முறைப்படி தூய்மை செய்யாமல் பெயோட்டே வேட்டைக்குப் புறப்பட இயலாது. பெயோட்டே வந்து சேராமல் மழையை அழைக்கும் விழாவை நடத்த இயலாது. மானின் குருதி படாத விதை முளைக்காது. ஒரு கண்ணி அறுந்தால் மற்றவையும் நின்றுவிடும். பெயோட்டே எடுத்துவரும் இடம் பறிபோனால் தங்கள் சோளக்கொல்லையும் பறிபோகும் என்று விராரிகா மக்கள் நீதிமன்றங்களில் கூறுவதன் பொருள் இதுவே. அதனை வெறும் உருவகமாக எடுத்துக்கொள்பவர்கள் வழக்கின் மையத்தைத் தவறவிடுகின்றனர்.

கடலிலிருந்து பாலை வரை

விராரிகா உலகுக்கு ஐந்து திசைகள். மேற்கே, நயாரித் மாநிலத்தின் சான் பிளாஸ் கடற்கரையில் உள்ள ஹராமரா. உயிர்கள் அனைத்தும் தோன்றிய இருண்ட கடலின் வாயில் அது. வடக்கே துராங்கோவின் செரோ கோர்தோ மலை. தெற்கே ஹலிஸ்கோவின் சப்பாலா ஏரியில் தேள் தீவு எனப்படும் சிறு தீவு. நடுவே சாந்தா கத்தரினா கிராமத்தை ஒட்டிய தேகாத்தா. நெருப்புத் தாத்தா பிறந்த இடம். கிழக்கே சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தின் விரிகுத்தா. சூரியன் பிறந்த இடம்.

உலகம் இருளில் கிடந்தபோது, சிறுவன் ஒருவன் தீயில் பாய்ந்து, பாதாளத்தின் வழியே கிழக்கு நோக்கிச் சென்று, விரிகுத்தாவின் ஒரு மலையுச்சியில் சூரியனாக எழுந்தான் என்பது ஐதீகம். அந்த மலைக்கு ஸ்பானிய மொழியில் செரோ கெமாதோ, அதாவது எரிந்த மலை என்று பெயர். அதன் அருகில்தான், 18-ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்து, பின்னர் ஆளரவமற்றுப் போன ரியால் தே கத்தோர்சே என்ற ஊர் உள்ளது. இன்று அது ஒரு சுற்றுலாத் தலம்.

பொதுவாக அறுவடைக்குப் பிந்தைய வறண்ட மாதங்களில் யாத்திரை நடைபெறுகிறது. முற்காலத்தில் போகவர முழுத்தொலைவும் நடைதான்; வாரக்கணக்கில் ஆகும். இன்று பல குழுக்கள் பெரும்பகுதியை லாரிகளிலும் பேருந்துகளிலும் கடந்து, புனித இடங்களில் இறங்கி வழிபட்டுச் செல்கின்றன. நெடுஞ்சாலைகளும் தனியார் பண்ணைகளின் வேலிகளும் பழைய ஒற்றையடிப் பாதைகளைத் துண்டித்திருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

விரதம் கடுமையானது. உப்பு கூடாது, உணவும் உறக்கமும் குறைவு, தாம்பத்தியம் விலக்கு. புறப்பட்டபின் ஓரிரவு அனைவரும் நெருப்பைச் சுற்றிக் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் எழுந்து, தம் வாழ்வில் முறை தவறிக் கொண்ட உறவுகளைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். கணவன் அருகில் இருக்க மனைவியும், மனைவி அருகில் இருக்க கணவனும் சொல்கின்றனர். கேட்பவர் யாரும் கோபம் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு தவற்றுக்கும் மரகாமே ஒரு கயிற்றில் முடிச்சிடுகிறார். பின்னர் கயிறு தீயில் இடப்படுகிறது. அத்துடன் அது முடிந்த கதை. மற்றொரு கயிற்றில் யாத்திரிகர் ஒவ்வொருவருக்கும் ஒரு முடிச்சிடப்பட்டு, திரும்பி வரும்வரை அனைவரும் ஒருவரே எனப் பிணைக்கப்படுகின்றனர்.

மையர்ஹாஃப் விவரித்த யாத்திரையில், பாலைநிலத்தை நெருங்க நெருங்கப் பேச்சும் தலைகீழானது. முதியவரைக் குழந்தை என்று அழைத்தனர். பொருள்களுக்கு எதிர்ப்பெயர்கள் சூட்டப்பட்டன. முன்னோரின் உலகம் நம் உலகுக்கு எதிர்மாறானது என்பதே காரணம். முதன்முறை வருபவர்கள் மத்தேவாமே எனப்படுகின்றனர். ஒளியின் மிகுதி அவர்களைத் தாக்காதிருக்க, தாய் ஊற்றான தத்தெய் மத்தினியேரி வரை அவர்களது கண்கள் கட்டப்படுகின்றன. கட்டு அவிழ்க்கப்பட்டு, தலையில் நீர் தெளிக்கப்பட்ட பிறகே அவர்கள் இடத்தைக் காண்கின்றனர்.

விரிகுத்தாவில் முதல் பெயோட்டேயை மரகாமே கண்டதும் அனைவரும் மௌனமாக நெருங்குகின்றனர். மானை எய்வதுபோல் செடியின் பக்கத்தில் அம்பு எய்யப்படுகிறது. காணிக்கைகள் வைக்கப்பட்டு, அச்செடி துண்டுகளாக நறுக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் வழங்கப்படுகிறது. அதன்பின் அவரவர் கூடையுடன் தேடலாம். செடியை வேரோடு பிடுங்குவதில்லை. தரைமட்டத்தில் தலையை மட்டும் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுகின்றனர். மானின் எலும்பு மண்ணில் இருந்தால்தான் மான் மீண்டும் எழும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தாவரவியல் சொல்வதும் அதுவே: முறையாக அறுக்கப்பட்ட வேரிலிருந்து புதிய தலைகள் முளைக்கும், ஆழமாக வெட்டினால் செடி அழுகிவிடும்.

புகையிலை, மஞ்சள் வேர், கியெரி

யாத்திரிகர் இடுப்பிலும் தோளிலும் தொங்கும் சிறு சுரைக்குடுக்கைகளில் இருப்பது காட்டுப் புகையிலை. நாம் அறிந்த வணிகப் புகையிலையைவிட வீரியம் மிக்க வேறோர் இனம் அது. நெருப்புத் தாத்தாவின் உடைமையாக அது கருதப்படுகிறது. அன்றாடப் புகைப்பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விரிகுத்தாவில் வளரும் ஒரு முட்புதரின் மஞ்சள் வேர் உரா எனப்படுகிறது. அதைக் கல்லில் உரைத்து, நீர் கலந்து, கன்னங்களில் சூரியன், மான், பெயோட்டே வடிவங்களை வரைந்துகொள்கின்றனர். திரும்பி வரும் யாத்திரிகரை ஊரார் அடையாளம் காண்பது இந்த மஞ்சள் முகங்களால்தான்.

எல்லாப் புனிதச் செடியும் நல்ல செடி அல்ல. கியெரி என்ற செடியின் பெயரைச் சொல்வதற்கே பலர் தயங்குவர். பாறை இடுக்குகளில் வளர்ந்து, மஞ்சள் கிண்ணம் போன்ற பெரிய பூக்களைப் பூக்கும் இச்செடி, நம்மூர் ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்தது. நஞ்சும் அதே வகையானது. பீட்டர் ஃபர்ஸ்ட்டும் மையர்ஹாஃபும் 1966-இல் வெளியிட்ட கதைத்தொகுதியில், கியெரி மக்களை மயக்கிப் பித்தாக்கும் சூனியக்காரன். மான் அண்ணன் கௌயுமாரி அவனை அம்பெய்து வீழ்த்துகிறான். விழுந்தவன் செடியாகி நின்றுவிடுகிறான். ஆயினும் வயலின் வாசிப்பிலோ பூவேலையிலோ தேர்ச்சி வேண்டுவோர் கியெரிக்கு நேர்ந்துகொள்வதும் உண்டு. நேர்த்திக்கடனை நிறைவேற்றத் தவறினால் நோய் வரும் என்று அஞ்சுகின்றனர். 'புனிதம்' என்றாலே நன்மை என்று நாம் கொள்ளும் பொருள் இங்கே பொருந்தாது.

சட்டத்தின் மூன்று கண்கள்

பெயோட்டேயை மனிதர் பயன்படுத்துவது புதிதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆற்றையொட்டிய குகையில் கிடைத்த பெயோட்டே மாதிரிகள் ஏறத்தாழ 5,700 ஆண்டுகள் பழமையானவை எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவற்றில் மெஸ்கலின் இன்னும் எஞ்சியிருந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் ஆர்தர் ஹெஃப்டர் 1897-இல் தாமே உட்கொண்டு சோதித்து, காட்சி மயக்கத்தை உண்டாக்குவது மெஸ்கலின்தான் என நிறுவினார். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954-இல் தமது மெஸ்கலின் அனுபவத்தை நூலாக வெளியிட்டபின் மேற்கத்திய இளைஞர்களின் ஆர்வம் பெருகியது.

கசப்பும் குமட்டலும் மிக்க இச்செடியின் விளைவு பத்து மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கக்கூடியது. மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது ஆபத்தாகலாம். மனமயக்கப் பொருள்கள் குறித்த 1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை மெஸ்கலினை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்துள்ளது. இந்தியாவிலும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது.

அதே ஐ.நா. உடன்படிக்கையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. காட்டில் தானாக வளரும் தாவரங்களைச் சில சிறு குழுக்கள் மரபாகச் சமயச் சடங்குகளில் பயன்படுத்தி வந்தால், அந்த நாடு விலக்குக் கோரலாம். மெக்சிகோ அவ்வாறே தன் பழங்குடிகளுக்காக விலக்குப் பெற்றது. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பழங்குடியினரின் பெயோட்டே சடங்குகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

இரண்டாவது கண் சூழலியல் சட்டத்தினுடையது. விதையிலிருந்து முதிர்ந்த செடியாவதற்குப் பெயோட்டேக்குப் பல ஆண்டுகள், சில சூழல்களில் பத்தாண்டுக்கும் மேல் ஆகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம். மெக்சிகோவிலும் அது பாதுகாக்கப்பட்ட தாவரம். அனுமதியின்றி எடுப்பது குற்றம். ஆயினும் 'அனுபவம்' தேடி வருவோரும் கள்ளச் சந்தைக்காரர்களும் வேரோடு பிடுங்கிச் செல்வது தொடர்கிறது. ஐந்து நிமிடத்தில் பிடுங்கப்படும் செடிக்கு ஈடாக இன்னொன்று வளர ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் தேவைப்படலாம்.

மூன்றாவதாக இப்போது பாரம்பரியச் சட்டமும் சேர்ந்துள்ளது. முதற்சட்டம் உட்கொள்பவரைப் பார்க்கிறது. இரண்டாவது செடியைப் பார்க்கிறது. செடியும் மனிதரும் சந்திக்கும் நிலத்தைப் பார்ப்பது இந்த மூன்றாவது மட்டுமே. விராரிகா மக்கள் யுனெஸ்கோ அங்கீகாரத்துக்காக இருபதாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். வழித்தடம் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது 2004-இல்.

வெள்ளியும் தக்காளியும்

சான் லூயிஸ் பொத்தோசி மாநில அரசு விரிகுத்தாவின் சுமார் 1,40,000 ஹெக்டேர் பரப்பை ஏற்கெனவே புனித இயற்கைக் காப்பகமாக அறிவித்திருந்தது. அன்றைய மெக்சிகோ அதிபர் ஃபெலிப்பே கால்தெரோன் 2008-இல் புனித இடங்களைக் காப்பதாக விராரிகா மக்களுடன் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார். அதன்பின் ஈராண்டுகளுக்குள், கனடாவின் ஃபர்ஸ்ட் மெஜஸ்டிக் சில்வர் நிறுவனம் ரியால் தே கத்தோர்சே பகுதியில் 6,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்புக்கான 22 சுரங்க உரிமங்களைக் கையகப்படுத்தியிருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அப்பரப்பின் பெரும்பகுதி காப்பகத்துக்குள் இருந்தது. காப்பகம் என்பது மாநிலச் சட்டம். சுரங்க உரிமம் வழங்குவது கூட்டாட்சி அரசு. இரண்டும் ஒரே நிலத்தின் மேல் ஒன்றையொன்று காணாதவைபோல் நின்றன.

பழங்குடியினரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆவது உடன்படிக்கையை மெக்சிகோ 1990-இலேயே ஏற்றிருந்தது. அந்த ஆலோசனை நடைபெறவில்லை என விராரிகா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2012-ஆம் ஆண்டு மே 26 அன்று மெக்சிகோ நகரில் நாட்டின் முன்னணி இசைக்குழுக்கள் பங்கேற்ற ஆதரவு நிகழ்ச்சியில் 50,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். நீதிமன்றங்கள் 2012, 2013-ஆம் ஆண்டுகளில் சுரங்கப் பணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தன. இடைக்காலத் தடை உரிமத்தை ரத்து செய்வதில்லை.

இந்திய வாசகர்களுக்கு ஒடிசாவின் நியம்கிரி மலை நினைவுக்கு வரலாம். அங்கே பாக்சைட் சுரங்கத் திட்டம் டோங்ரியா கோந்த் மக்களின் சமய உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. விரிகுத்தாவில் அத்தகைய வாக்கெடுப்பு நடந்தால் முடிவு என்னவாகும் என்று சொல்வது எளிதல்ல. ஏனெனில் விராரிகா மக்கள் அங்கே வசிப்பவர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வருபவர்கள். நிலம் அவர்களுக்குச் சொந்தமும் இல்லை. அங்கே குடியிருக்கும் விவசாயிகளில் பலர், வறட்சியும் வேலையின்மையும் நிலவும் பகுதிக்குச் சுரங்கம் பிழைப்பைத் தரும் என்று வரவேற்றவர்கள். வழிபடுபவரும் வாழ்பவரும் வெவ்வேறு மக்களாக இருக்கும்போது யாரைக் கேட்பது என்பதற்கு, பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் தெளிவான விடை இல்லை. யாத்திரை உரிமையை ஆதரிப்பவர்கள் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்வது வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாக இல்லை.

சுரங்கம் மட்டுமே ஆபத்தாக இருந்திருந்தால் எதிர்ப்பும் எளிதாக இருந்திருக்கும். பாலைநிலப் புதர்களை அகற்றி விரியும் தக்காளிப் பண்ணைகள், நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆழ்குழாய்கள், பெரிய கோழிப் பண்ணைகள் ஆகியவற்றுக்கு எதிராகப் பாடல் நிகழ்ச்சி நடத்த யாரும் முன்வருவதில்லை. பெயோட்டே பெரும்பாலும் வேறு புதர்களின் நிழலில் வளர்வது. புதர் போனால் அதுவும் போய்விடும்.

மலைநாட்டிலும் நிலப் பிரச்சினை ஓயவில்லை. சான் செபஸ்தியான் சமூகத்தைச் சேர்ந்த சுமார் 200 விராரிகா மக்கள், பண்ணையாளர்கள் வசமுள்ள தங்கள் பூர்வீக நிலத்தை மீட்டுத் தரக் கோரி, 2022-இல் ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்து மெக்சிகோ நகரை அடைந்து, அன்றைய அதிபர் லோபஸ் ஒப்ரதோரைச் சந்தித்தனர். நில மீட்புப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான மிகேல் வாஸ்கெஸும் அவரது சகோதரரும் 2017 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள்.

அங்கீகாரத்துக்குப் பின்

மெக்சிகோ அரசு 2023 ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்ட ஆணை, விராரிகா, நாயேரி, ஓதாம், மெஷிகான் ஆகிய நான்கு மக்களின் புனித இடங்களையும் யாத்திரைப் பாதைகளையும் அங்கீகரித்துப் பாதுகாப்பதாக அறிவித்தது. யுனெஸ்கோ பட்டியல் அதற்கு ஒரு சர்வதேசச் சாட்சியைச் சேர்த்துள்ளது. பட்டியலில் உள்ள இடங்களின் நிலை குறித்து அரசு உலகப் பாரம்பரியக் குழுவுக்கு விளக்கம் அளிக்க வேண்டியிருக்கும். நிலைமை மோசமானால் 'ஆபத்தில் உள்ளவை' என்ற தனிப்பட்டியலுக்கு மாற்றப்படலாம். ஆனால் உரிமம் ஒன்றை ரத்து செய்யும் அதிகாரம் யுனெஸ்கோவுக்கு இல்லை. அது மெக்சிகோவின் அரசுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரியது.

அங்கீகாரத்தால் சுற்றுலாப் பயணிகள் பெருகுவர் என்ற அச்சமும் உள்ளது. விராரிகா மக்களின் மணிவேலைப்பாடுகளும் கம்பளி நூல் ஓவியங்களும் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளால் விராரிகா கலைஞர்கள் போர்த்திய ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்று 2010 முதல் பல நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்தக் கலை பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. கலையை வாங்க வருபவரை வரவேற்கும் ஊர்களே, பெயோட்டே தேடி வருபவரைக் கண்டு கதவடைக்கின்றன.

யாத்திரை முடிந்து திரும்பும் குழுக்கள் விரிகுத்தாவின் ஊற்று நீரைக் குடுவைகளில் ஏந்தி வந்து தங்கள் கொல்லைகளில் தெளிக்கின்றன. வறண்ட பருவத்தின் இறுதியில் பெயோட்டே நடனமான ஹிகுரி நெய்ரா நடைபெறுகிறது. அரைத்து நீரில் கரைத்த பெயோட்டே ஊரார் அனைவருக்கும் வழங்கப்படுகிறது. கால்கள் புழுதி கிளப்ப இரவும் பகலும் ஆடுகின்றனர். அடுத்த சில வாரங்களில் மழை தொடங்க வேண்டும். அதற்குள் ஐந்து நிற விதைகளும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும்.